கழிவு விறகு எரிக்கும் பாய்லர்களில் சாம்பல் படிதல்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஏரிப்பாசன நெல்லும் மானாவாரி வேர்க்கடலையுமே முன்பு குடியானவர்களின் முக்கிய விளைபொருள்களாக இருந்தன. 1998ஆம் வருஷத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் வண்டித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியதும், 2010ஆம் வருஷத்தில் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை ஏற்பட்டதும், அவற்றைச் சுற்றிப் பற்பல சிறு ஆலைகள் தோன்றியதும் யாவரும் அறிந்ததே. இத்தகைய தொழில்கள் பெருகிய இடங்களில் விறகுக்கு இருவகையில் சம்பந்தம் உண்டாகின்றது. உதிரிப் பாகங்கள் மரப்பெட்டிகளிலும் பேலட் என்னும் அடுக்குப் பலகைகளிலும் வந்து இறங்குவதால், உடைந்த மரம் மிகுதியாகச் சேர்கின்றது, இது ஒன்று. ரப்பர் வேகவைத்தல், சாயமிடுதல், உணவுப்பண்டம் செய்தல், நெல் அவித்தல் முதலிய வேலைகளுக்கு நீராவி வேண்டியிருப்பதால், சீமைக் கருவேலம், சவுக்கு, உமி, பழைய பலகை ஆகியவற்றை எரிக்கும் பாய்லர்களுக்கு விறகு தேவைப்படுகின்றது, இது மற்றொன்று.

இவ்விஷயம் பாய்லர்காரரைச் சேர்ந்ததே யன்றி நம்மைச் சேர்ந்ததன்று எனச் சிலர் எண்ணக்கூடும். அவ்விதம் எண்ணுவது சரியன்று. விறகை வெட்டி விற்பவர் குடியானவர். நெல் அவிக்கும் மில்லை வைத்திருப்பவரும் பல இடங்களில் நிலச்சுவான்தாரே. ஏரி உட்புறத்திலும் புறம்போக்கிலும் உள்ள கருவேலத்தை ஏலம் விடுமிடத்து முன்நிற்போர் கிராம அதிகாரிகள். கடைசியில் பாய்லரிலிருந்து வெளிப்படும் சாம்பல் வந்து விழுவதும் நம் நிலத்திலேயாம். பாய்லரின் குழாயில் படிவது எதுவோ, அதுவே நிலத்திலும் விழுகின்றது. ஆகையால் அதன் தன்மையை அறிந்துகொள்வது நமக்கு அவசியமாகும்.

படிவு உண்டாகும் விதம்

பாய்லர் என்பது அடைக்கப்பட்ட இரும்புப் பாத்திரத்தில் ஜலத்தைக் கொதிக்கவைத்து நீராவியாக்கும் கருவி. சிறிய ஆலைகளில் உள்ளவற்றில் நெருப்பின் வாயு குழாய்களுக்குள்ளே செல்லும். ஜலம் அக்குழாய்களைச் சூழ்ந்து நிற்கும். மின்சாரம் உண்டாக்கும் பெரிய நிலையங்களிலோ ஜலம் குழாய்க்குள்ளும் நெருப்பு வெளியிலும் இருக்கும். எவ்விதமாயினும், உஷ்ணம் குழாயின் சுவரைக் கடந்தே ஜலத்தை அடையவேண்டும். அச்சுவரின்மேல் சாம்பல் போர்வைபோல் படிந்துவிட்டால் உஷ்ணம் தடைப்பட்டுப் புகைபோக்கி வழியே வெளியேறிவிடுகின்றது.

சாம்பல் ஏன் படியவேண்டும்? உலர்ந்த தூள் காற்றோடு போய்விடாதா என்று கேட்கலாம். உலர்ந்த தூள் மாத்திரமாயின் பெரும்பாலும் போய்விடும். அதை ஒட்டவைக்கும் பசை ஒன்று விறகிலேயே இருக்கின்றது. அப்பசையைக் குடியானவர்கள் நன்கறிவர். மூட்டையில் வாங்கிப் பயிருக்கு இடும் மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்னும் உப்பே அது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று நாம் சொல்லும் மூன்றில் மூன்றாவதற்கு அப்பெயர் வந்ததே, மரத்தை எரித்த சாம்பலில் அது மிகுந்திருப்பதனால்தான். மரம் நிலத்திலிருந்து பொட்டாஷையும் குளோரினையும் உறிஞ்சித் தன் உடலில் வைத்திருக்கின்றது. உலையில் 800 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் இவ்விரண்டும் சேர்ந்து ஆவியாகி வாயுவோடு கிளம்புகின்றன. வாயு குழாய்களை அடைந்ததும், அங்கே ஜலத்தினால் இரும்பு 200 டிகிரி அளவில் குளிர்ந்திருப்பதால், மார்கழிக் காலையில் பனி இலைமேல் இறங்குவதுபோல அந்த உப்பாவி இரும்பின்மேல் இறங்குகின்றது. முதற்படிவு மிக மெல்லியது. வெண்மையாகவும் நுண்மையாகவும் இருக்கும். அதன்மேல் பறந்துவரும் சுண்ணாம்பும் மண்ணும் ஒட்டிக்கொள்ளும். படிவு தடிக்கத் தடிக்க அதன் மேற்புறம் இரும்பின் குளிர்ச்சியை இழந்து சூடேறி இளகுவதால், இன்னும் அதிகமாக ஒட்டும். இவ்வாறு தன்னைத்தானே வளர்த்துக்கொள்வது இதன் தீய குணம்.

அடுப்பிலேயே உருகிக் கட்டிப்போவது மற்றொரு வகை. அதைக் கிட்டம் என்பர். மணலும் பொட்டாஷும் கூடினால் அவை தனித்தனியே உருகும் உஷ்ணத்தைவிடக் குறைந்த உஷ்ணத்திலேயே, அதாவது 750 டிகிரி அளவிலேயே, கண்ணாடிபோல் உருகத் தொடங்குகின்றன. மணல் தனித்திருந்தால் உருகுவதற்கு 1,700 டிகிரி வேண்டும். விறகு போட்டுச் சுடும் செங்கல் சூளையில், தீவாய்க்கு எதிரே அடுக்கிய கற்களின் முகம் பச்சையும் கருமையுமாய்ப் பளபளத்துப் பூச்சு ஏறியிருப்பதைப் பார்க்கலாம். அப்பூச்சை எவரும் பூசவில்லை. விறகின் சாம்பல் பறந்துபோய்க் கல்லின் மண்ணோடு உருகிச் சேர்ந்ததே அது. பாய்லர் அடுப்பின் அடிக்கம்பிகளில் கட்டும் கிட்டமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அது காற்றுத் துவாரங்களை அடைத்து நெருப்பை ஒரு பக்கம் அவியவும் மறுபக்கம் அளவுகடந்து எரியவும் செய்கின்றது.

எந்த விறகில் எவ்வளவு

சுத்தமான கட்டை விறகில் 100 பங்குக்கு 1 அல்லது 2 பங்கே சாம்பல் உண்டு. பட்டையில் அதைப்போல் பல மடங்கு உண்டு. நெல் உமியில் 15 முதல் 20 பங்கு வரை சாம்பல். ஆனால் அச்சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு மணற்சத்தாகையால், அது உருகி ஒட்டுவதைக் காட்டிலும் குழாயை அரத்தைப்போல் அராவித் தேய்ப்பதே அதிகம். தென்னை மட்டை, பன்னாடை, இளம் மிலாறு, இலை ஆகியவற்றில் பொட்டாஷும் குளோரினும் மிகுதி. ஒரு மரத்தில் எப்பகுதி வேகமாக வளர்கின்றதோ அப்பகுதியிலேயே இவ்வுப்புகள் கூடி நிற்கும் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

சீமைக் கருவேலத்தைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். வறண்ட பூமிகளில் வளர்ப்பதற்காக 1877ஆம் வருஷத்தில் இதன் விதையை வருவித்துக் கடப்பை ஜில்லா கமலாபுரத்தில் வன இலாகாவினர் விதைத்தனர். இன்று இதை ஒழிக்க வேண்டுமென்று நீதிமன்றமும் அரசாங்கமும் முனைந்திருக்கின்றன. 2017ஆம் வருஷத்தில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதுபற்றி உத்தரவுகள் பிறப்பித்தது. 2022ஆம் வருஷத்தில் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்று தமிழ்நாட்டரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. சிவகங்கை, இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களில் இவ்விறகை எரித்து மின்சாரம் உண்டாக்கும் நிலையங்களும் ஏற்பட்டன. இதன் கட்டை கெட்டியானது, நின்று எரிவது, விறகு என்ற வகையில் குறைசொல்ல இடமில்லை. குறை அது வளரும் இடத்திலும், நாம் அதை வெட்டிக் கொணரும் விதத்திலும் இருக்கின்றது. உவர் ஏறிய பூமியில் வளர்ந்த மரத்தில் உப்பும் கூடியிருக்கும். ஏரி உட்புறத்தில் இயந்திரத்தைக் கொண்டு வேரோடு பிடுங்கி இழுத்து வந்தால், வேரிலும் பட்டையிலும் களிமண்ணும் மணலும் அப்பிக்கொள்கின்றன. முன்சொன்னபடி பொட்டாஷோடு மணல் சேர்ந்தால் கிட்டம். எனவே வேர்க்கட்டையைக் கழுவாமலும் தட்டாமலும் வண்டியில் ஏற்றி எடை கூடிற்றென்று மகிழ்வது, வாங்குபவருக்கு அடுப்பில் கல்லைப் போடுவதற்கு ஒப்பாகும். அப்படிப்பட்ட சரக்கை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை விலையைக் குறைத்தே கேட்பார்.

வெட்டிய மரத்தை இலையோடும் மிலாறோடும் உடனே அனுப்பாமல் வயலிலேயே சிலநாள் போட்டுவைத்தால் இலை உதிர்ந்துவிடும். உதிர்ந்த இலையில் உள்ள சத்து நம் நிலத்திலேயே தங்குகின்றது. பாய்லருக்குத் தீங்கு செய்யும் பொருளும் அதுவே. ஒரு நல்ல மழை பெய்தால் மிலாறிலும் வைக்கோலிலும் உள்ள பொட்டாஷும் குளோரினும் பெரும்பகுதி கரைந்து மண்ணில் இறங்கிவிடுகின்றன. ஐரோப்பாவில் வைக்கோல் எரிக்கும் நிலையத்தார், மழையில் நனைந்து வெளுத்துப் பின் உலர்ந்த வைக்கோலையே மஞ்சளாகப் பளபளக்கும் புது வைக்கோலைவிட விரும்புவதற்கு இதுவே காரணம். மாட்டுக்கு வைக்கோல் வாங்கும் நமக்கு இது விபரீதமாகத் தோன்றினும் பாய்லரின் பசி வேறுவிதமானது.

ஈரத்தின் கணக்கையும் பார்ப்போம். பச்சை விறகு 100 கிலோவில் ஏறக்குறைய பாதி ஜலம் என்று கொள்வோம். அதை உலர்த்தி 100க்கு 20 பங்கு ஈரம் இருக்கும்படி செய்தால் எடை 62½ கிலோவாகின்றது. குறைந்த 37½ கிலோவும் ஜலம். ஒரு கிலோ ஜலத்தை ஆவியாக்க ஏறக்குறைய 610 கிலோகலோரி வேண்டும். ஆக அந்த ஜலத்தைப் போக்கமட்டும் சுமார் 22,900 கிலோகலோரி, அதாவது உலர்ந்த மரம் 5 கிலோ தரும் உஷ்ணம், வீணாகின்றது. 100 கிலோ பச்சை விறகில் உள்ள உலர்மரம் 50 கிலோவே. அதில் பத்தில் ஒன்று இவ்வாறு போயிற்று. அதன்றி நெருப்பு குளிர்ந்து புகையும். கரியும் தாரும் குழாயில் ஒட்டும். அவற்றின்மேல் சாம்பல் ஒட்டும். எடைக்கு விலை பேசுவதால் பச்சையாக விற்பதே லாபம் என்று விற்பவர் நினைப்பது இயல்பே. ஈரத்தை அளந்து அதற்குத் தக்க விலை பேசுவது இருபாலாருக்கும் நியாயம். ஈரமானி என்னும் சிறு கருவி சுலபமாகக் கிடைக்கின்றது.

பழைய பலகையின் அபாயம்

இதுவரை சொல்லியது காட்டு விறகைப்பற்றி. கழிவு மரம் என்று தொழிற்சாலையிலிருந்தும் இடிந்த கட்டடங்களிலிருந்தும் வருவது வேறு ஜாதி. பேலட் பலகைகளில் சோதிக்கத்தக்க அடையாளம் ஒன்று உண்டு. வெளிநாடு செல்லும் மரப்பெட்டிகளில் பூச்சி தொற்றாதிருக்க 2002ஆம் வருஷத்தில் ஏற்பட்ட சர்வதேச விதியின்படி முத்திரை இடுகின்றனர். அதில் எச்.டி. என்றிருந்தால், மரத்தின் நடுப்பாகம்வரை 56 டிகிரி உஷ்ணத்தில் 30 நிமிஷம் சூடாக்கியது என்று பொருள், எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்னும் விஷவாயு ஊட்டியது. முதல் வகை, வர்ணமும் எண்ணெயும் படியாதிருந்தால், நல்ல விறகே. இரண்டாவதை வீட்டு அடுப்புக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் கொண்டுபோகாதிருப்பது உசிதம்.

வர்ணம் பூசிய பழைய கதவு, ஜன்னல், சட்டம் ஆகியவற்றில் ஈயமும் துத்தநாகமும் உள்ளன. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லக்ஷத்தில் 90 பங்குக்கு மேற்படக்கூடாதென்ற விதி 2017ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பூசியது இன்னும் கதவுகளில் இருக்கின்றது. இவ்வுலோகங்கள் குளோரினோடு கூடினால் உண்டாகும் உப்புகள் மிகச் சொற்ப உஷ்ணத்தில் உருகுபவை. பொட்டாஷ் உப்பு உருக 770 டிகிரி வேண்டும். ஈய உப்புக்கு 500 டிகிரி போதும். துத்தநாக உப்புக்கோ 290 டிகிரியே போதும். இவை ஒன்றோடொன்று கலந்தால் இன்னும் குறையும். ஆகவே காட்டு விறகின் உப்பு உறைந்து நிற்கும் குளிர்ந்த குழாய்களிலும் இவை இளகி ஒட்டி, இரும்பையும் அரிக்கத் தொடங்குகின்றன. குளோரின் எங்கிருந்து வரும் எனில், பிளைவுட் பலகையின் ஓரத்தில் ஒட்டிய பி.வி.சி. பட்டையும், பெட்டியைச் சுற்றிய சிலவகைப் பிளாஸ்டிக் உறையும் போதுமானவை. ஆணிகள் எரியாமல் அடிக்கம்பிகளிடையே சிக்கிக் காற்றை மறிக்கும். இதற்குக் காந்தம் வைத்துப் பொறுக்குவதைத் தவிர வேறு மருந்தில்லை.

நஷ்டமும் பரிகாரமும்

புகைபோக்கியில் செல்லும் வாயுவின் உஷ்ணம் 22 டிகிரி உயர்ந்தால் பாய்லரின் பயன் 100க்கு 1 பங்கு குறைகின்றதென்பது அனுபவத்திற் கண்ட கணக்கு. சுத்தம் செய்த அன்று 200 டிகிரியாக இருந்தது சில வாரங்களில் 266 டிகிரியானால் 3 பங்கு நஷ்டம். நாள் ஒன்றுக்கு 10 டன் விறகு எரிக்கும் ஆலையில் இது 300 கிலோ. மூன்று மில்லிமீட்டர் கரி படிந்தால் விறகுச் செலவு 2½ பங்கு கூடும் என்றும் சொல்லுவர். ஆகையால் நெல் அவிக்கும் சிறு மில்லிலும் புகைபோக்கியின் அடியில் உஷ்ணமானி ஒன்றைப் பொருத்தி, தினம் ஒரே வேளையில் பார்த்து நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிவருவது மிகச் சிலாக்கியம். குழாய் அடைபட்டதை வெளியிலிருந்து அறிவிக்கும் சாதனம் இதைவிட மலிவானது வேறில்லை.

சுத்தம் செய்வதைப்பற்றிச் சில வார்த்தைகள். சிறு பாய்லர்களில் கம்பித் தூரிகையை விட்டுக் குழாய்களைத் தேய்ப்பதே முறை. பெரியவற்றில் ஓட்டத்திலேயே நீராவியை ஊதிப் படிவை உதிர்ப்பர். படிவு இளகி இறுகிப் பீங்கான்போல் ஆனபின் இவை பலிக்கா. வெண்மையாய் உதிரும் பருவத்திலேயே எடுத்துவிட வேண்டும். கனலும் கிட்டத்தின்மேல் ஜலத்தைக் கொட்டுவது பெருந்தவறு. ஜலம் திடீரென்று ஆவியாகி வெடித்துக் கூலியாளின் முகத்தில் சாம்பலை எறியும். உள்ளே இறங்குபவருக்குக் கண்ணாடியும் முகமூடியும் கொடாமல் வேலை வாங்குவது தகாது. இச்சாம்பல் சுண்ணாம்பைப்போல் காரமானது, கண்ணில் பட்டால் கெடுதி செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மில்லை நிறுத்திவைப்போர் படிவோடு நிறுத்தக்கூடாது. அவ்வுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிந்து, வேலை செய்யும்போது தின்னாத இரும்பை ஓய்ந்திருக்கும்போது தின்னும். உப்பு ஜாடியின் மூடி துருப்பிடிப்பதைப் பார்த்தவர்க்கு இதை விளக்கவேண்டுவதில்லை.

1863ஆம் வருஷத்தில் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் மாண்டதன்மேல்தான் இத்தேசத்தில் பாய்லர்களைச் சோதிக்கும் சட்டம் முதன்முதல் பிறந்தது. 1923ஆம் வருஷத்து இந்திய பாய்லர் சட்டம் நூறாண்டு நடந்து, 2025ஆம் வருஷத்தில் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றபோதுமட்டும் குழாயைத் தேய்ப்போர் சிலர் இல்லாமலில்லை.

ஸ்வீடன் தேசத்தில் அமோனியம் சல்பேட் கரைசலை உலைவாயுவில் தெளிக்கின்றனர். கந்தகம் பொட்டாஷைப் பிடித்துக்கொண்டு குளோரினைத் துரத்திவிடுவதால் படிவு பசையற்று, அரிக்கும் குணமும் குறைந்துபோகின்றது. வெண்களிமண் தூளைச் சேர்ப்பதும் ஒரு வழி. இவை பெரிய நிலையங்களில் இஞ்சினீயர்கள் அளவறிந்து செய்யத்தக்கவை. நம் மில்களில் எருக்கிடங்கு மூட்டையை அவிழ்த்து அடுப்பில் கொட்டிப் பார்ப்பது வேண்டாம்.

சாம்பலை நிலத்துக்கு இடுதல்

சுத்தமான விறகுச் சாம்பலில் 100க்கு 5 பங்கு சாம்பல்சத்து உண்டென்று வைத்துக்கொண்டால், ஒரு டன்னில் 50 கிலோ கிடைக்கும். 60 பங்குச் சத்துள்ள மியூரியேட் 83 கிலோவுக்கு இது சமம். நம் தேசத்துக்கு வேண்டிய பொட்டாஷ் அநேகமாக முழுவதும் கப்பலேறி வருகின்றதை நினைத்தால் இதை அலக்ஷியம் செய்வதற்கில்லை. அன்றியும் சுண்ணாம்பு இதில் ஏராளம். ஆகவே புளிப்பான செம்மண்ணுக்கு உகந்தது. களர் ஏறிய ஏரிப்பாசன நிலத்துக்கு உகந்ததன்று. மண்ணைச் சோதனை செய்வித்த பின்பே, ஏக்கருக்கு அரை டன்னுக்கு மேற்படாமல், உழவுக்கு முன் தூவுக. யூரியாவோடும் அமோனியம் சல்பேட்டோடும் கலந்து இட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். இரண்டுக்கும் இடையில் சிலவாரம் விடவேண்டும். உமிச்சாம்பலில் பொட்டாஷ் சொற்பம்; இறுகிய களிமண்ணை இளக்குவதற்கே அது உதவும்.

முக்கியமானது, எந்தச் சாம்பல் என்று கேட்டறிவது. அடுப்பின் அடியில் விழுவது ஒன்று. புகைபோக்கிக்கு முன் தூசி பிடிக்கும் கருவியில் சேரும் நுண்சாம்பல் மற்றொன்று. ஆவியாகும் உலோகங்கள் எல்லாம் நுண்சாம்பலிலேயே சென்று திரள்கின்றன. ஆஸ்திரியாவில் சுத்தமான காட்டு விறகை எரித்தாலும் அடிச்சாம்பலையே நிலத்துக்கு விட்டு, நுண்சாம்பலை விலக்குகின்றனர். வர்ணப்பலகையும் பிளைவுட்டும் எரித்த பாய்லரிலோ இரண்டுமே நிலத்துக்கு ஆகா. ஈயம் மண்ணில் சேர்ந்தால் மழையும் உழவும் அதை நீக்கா. கீரையிலும் கிழங்கிலும் ஏறி வீட்டுக்கு வரும். இனாமாகக் கிடைக்கின்றதென்று வண்டி கட்டுவதற்கு முன், அவ்வாலையில் எரிக்கும் மரத்தின் குவியலை ஒருமுறை நேரில் பார்ப்பது நலம். ஆணிச்சாம்பலும், வர்ணச் சில்லும், பச்சை நிறம் ஏறிய மருந்திட்ட மரமும் கண்ணுக்குத் தெரியும்.

கிராம நிர்வாக அதிகாரிகள் கவனிக்கவேண்டிய இடங்கள் இரண்டு. கருவேல ஏலத்தின் ஷரத்துகளில் வேர்மண் தட்டி எடுக்கவேண்டும், இலையும் மிலாறும் ஏரிக்கரை மதகுகளில் விழாமல் ஒதுக்கவேண்டும் என்று எழுதிக்கொண்டால், மதகும் பிழைக்கும், சரக்குக்கும் நல்ல பெயர் உண்டாகும். இரவில் சாம்பல் லாரிகள் ஏரி உட்புறத்திலும் மேய்க்கால் புறம்போக்கிலும் கொட்டிவிட்டுப் போகாதபடி தலையாரி முதலானோரைக்கொண்டு பார்த்துவரவேண்டும். கொட்டிய சாம்பலின் உப்பு முதல் மழையிலேயே கரைந்து அண்டையிலுள்ள கிணறுகளுக்கு இறங்கும். கொட்டியது தெரிந்தால், மழைக்கு முன்பே மூடிவைத்து, மாதிரி எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி அனுப்புக.